யாருக்காகச் சுடுகிறான்?

அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தின் விளிம்பில், சித்திரை வெயிலில், உச்சிப்பொழுது சாய்கிற நேரத்தில் போய் நிற்க வேண்டும். கண்ணை முழுசாகத் திறக்க முடியாது. படிக்கட்டு மாதிரி வெட்டி இறக்கிய வெளிறிய சுவர்கள், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், மேட்டில் சீமைக்கருவேலம், அதற்கு மேல் வெறும் வானம். லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் அதன் புழுதி அப்படியே அந்தரத்தில் நிற்கும். அந்தப் புழுதிக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒருவன் குதிரையில் வெளிப்பட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் சிப்பி. தடித்து, ஒரு பக்கம் கொக்கிபோல் வளைந்த சிப்பிகள், வரிவரியாக, சித்தாள் கலவையில் அள்ளிக் கொட்டிய ஜல்லியைப் போல. கிரைஃபியா என்பது அதற்குப் புவியியலாளர் வைத்த பெயர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு உலகம் முழுக்க ‘கல்லங்குறிச்சிப் படிவம்’ என்றுதான் பெயர். அதோடு சேர்ந்த மற்ற அடுக்குகளும் சில்லக்குடி, ஒட்டக்கோயில், கல்லமேடு என்று நம் பக்கத்து ஊர்களின் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. பஸ் கண்டக்டருக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும் ஊர்ப் பெயரை எங்கோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் தன் வகுப்பில் உச்சரித்துக்கொண்டிருப்பார் என்பது ஒரு வேடிக்கை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘வெஸ்டர்ன்’ படங்களில் நாம் பார்த்து மயங்கிய அந்த வறண்ட நிலமும் ஒரு பழைய கடலடிதான். 1960களில் இத்தாலிய இயக்குநர்கள் அமெரிக்கக் கௌபாய் கதைகளை எடுக்க அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஸ்பெயினின் தென்கிழக்குக் கோடியில் அல்மேரியா மாகாணத்தில் இருக்கும் தாபெர்னாஸ் என்ற பொட்டல் காட்டுக்குப் போனார்கள். கடலில் படிந்த வண்டலும் மணற்கல்லும் மேலே எழும்பி, அபூர்வமாகப் பெய்யும் மழையில் அரிபட்டு, ஓடையும் மேடுமாகக் கிடக்கும் இடம் அது. வயதில் நம்முடையது சில கோடி ஆண்டுகள் மூத்தது. ஆனால் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டது அதுதான்.

அப்படி அல்மேரியாவின் புழுதியில் எடுத்த படங்களில் ஒன்று, 1967இல் ஜூலியோ பெத்ரோனி இயக்கிய ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’. செர்ஜியோ லியோனே அளவுக்குப் பெத்ரோனியின் பெயர் நின்றுவிடவில்லை. படம் நின்றுவிட்டது. எண்ணியோ மோரிக்கோனே அதற்குப் போட்ட இசையைக் குவென்டின் டாரண்டினோ 2003இல் ‘கில் பில்’ படத்தில் எடுத்துப் பயன்படுத்தினார். பழிவாங்கும் பெண்ணைப் பற்றிய படத்துக்குப் பழிவாங்கும் மகனைப் பற்றிய படத்திலிருந்து இசை. பொருத்தம்தான்.

கதை எளிது. மழை கொட்டும் ஓர் இரவு. ஒரு கூட்டம் வீடு புகுந்து தகப்பனைக் கொல்கிறது, தாயையும் அக்காவையும் சீரழித்துக் கொல்கிறது, வீட்டுக்குத் தீ வைக்கிறது. ஒளிந்திருந்து பார்த்த சிறுவன் பில் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அவனும் தானாகத் தப்பவில்லை, முகம் தெரியாத யாரோ ஒருவர் நெருப்பிலிருந்து இழுத்துப் போடுகிறார். கொன்றவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. துண்டு துண்டாகச் சில அடையாளங்கள்தான் மனத்தில் பதிந்திருக்கின்றன: ஒருவன் மார்பில் சீட்டுக்கட்டின் நான்கு ஆஸ்களைப் பச்சை குத்தியிருக்கிறான், ஒருவன் காதில் வளையம், ஒருவன் முகத்தில் தழும்பு, ஒருவன் கழுத்தில் மண்டையோடு கோத்த சங்கிலி. பதினைந்து ஆண்டுகள் துப்பாக்கி சுட்டுப் பழகிய பிறகு இந்த நான்கு அடையாளங்களை வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் ரயன் என்ற நடுவயதுக்காரன் சேர்ந்துகொள்கிறான். அவனும் அதே கூட்டத்தால் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையில் பதினைந்து ஆண்டு கிடந்தவன், அவனுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பில்லாக ஜான் ஃபிலிப் லா, ரயனாக லீ வான் கிளீஃப். ரயனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், அன்றிரவு தாமதமாக வந்து தன்னை நெருப்பிலிருந்து இழுத்தவன் அவன்தான் என்று கடைசியில் பில்லுக்குத் தெரிகிறது.

திருச்சியில் படித்த காலத்தில் ஒரு சிநேகிதன் அறையில் வீடியோ கேசட்டில் இந்தப் படத்தைப் பார்த்தேன். பாதி வசனம் புரியவில்லை, அதனால் நஷ்டமும் இல்லை. லீவில் ஊருக்கு வந்தபோது, களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயியிடம் கதையைச் சொன்னேன். மழை, தீ, காதுவளையம், தழும்பு என்று ஒன்று விடாமல். அவர் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே கேள்வி.

“ஏன்டா தம்பி, அந்தப் பயலோட ஆத்தாக்காரி என்ன சொன்னா?”

“அவளுந்தான் செத்துட்டாளே அப்பாயி.”

“அவளும் செத்துட்டாளா? அப்பறம் யாருக்காவடா சுடுறான்?”

அப்போது சிரித்தேன். பிறகு இந்த வகைப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கியபோது அந்தக் கேள்வி ஒரு முள்ளைப் போல உள்ளேயே கிடந்தது. வெஸ்டர்ன் படத்து மகன் அநாதை. அவன் அநாதையாக இருந்தால்தான் கதை நகரும். அமெரிக்காவில் 1966இல் ஹென்றி ஹாத்வே எடுத்த ‘நெவாடா ஸ்மித்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். மேக்ஸ் சாண்ட் என்ற இளைஞனின் வெள்ளைக்காரத் தகப்பனையும் கயோவா பழங்குடித் தாயையும் மூன்று பேர் கொல்கிறார்கள். மகன் மூவரையும் தேடிப் போகிறான். ஸ்டீவ் மெக்குவீன் முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்த வயதில் பதின்வயதுப் பையனாக நடித்தார். நம் ஊரில் ஐம்பது வயது நாயகன் கல்லூரிக்குப் போனபோது சிரித்தவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மேக்ஸுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தருகிறவர் ஜோனஸ் கார்ட் என்ற துப்பாக்கி வியாபாரி. பில்லுக்கு ரயன் எப்படியோ அப்படி மேக்ஸுக்கு இவர். தகப்பனை இழந்த மகன் பழியைத் தேடிப் போகிற வழியில் இன்னொரு தகப்பனைக் கண்டெடுக்கிறான். தாயின் இடம் இரண்டு படத்திலும் காலியாகவே கிடக்கிறது.

மகள் பழிவாங்கப் போகும் வெஸ்டர்ன் உண்டே என்று கேட்கலாம். 1969இல் வந்த ‘ட்ரூ கிரிட்’ அதுதான். தந்தையைக் கொன்றவனைப் பிடிக்கப் பதினாலு வயது மேட்டி ராஸ், ஒற்றைக்கண் மார்ஷல் ஒருவனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு போகிறாள். மார்ஷலாக நடித்த ஜான் வேய்னுக்கு ஆஸ்கார் கிடைத்தது. மேட்டியின் தாய் உயிரோடுதான் இருக்கிறாள், வீட்டில். ஆனால் போ என்று சொன்னவளும் அவளில்லை, போகாதே என்று தடுத்தவளும் அவளில்லை. அப்பாயியிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பார்.

தமிழில் இந்தச் சங்கதிக்கு இருக்கும் சொற்களே வேறு மாதிரி. பழி என்றால் செய்த கொடுமைக்கு எதிராகச் செய்வதும் பழி, ஊர் ஒருவன் மேல் சொல்லும் குற்றமும் பழி. பழியை ‘வாங்குகிறோம்’, ‘தீர்க்கிறோம்’. கடனைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே வினைச்சொற்கள். வாங்காமல் விட்டால் எதிராளி மேல் இருக்க வேண்டிய பழி நம் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பழி தனிமனிதனின் மனக்கொதிப்பு மட்டுமில்லை, அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார், அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்.

புறநானூற்றின் 279ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். முன்னொரு நாள் போரில் பிறந்த வீட்டு ஆண்மகன் விழுந்தான். நேற்றுக் கணவன் விழுந்தான். இன்று மறுபடியும் பறை கேட்டதும், இருக்கிற ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மறத்தின் உச்சம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுப்பார். கணவன் எதில் செத்தான் என்பதை யாரும் நிறுத்திக் கவனிப்பதில்லை. மாட்டு மந்தையை மறித்துச் செத்தான். ஓட்டிக்கொண்டு போகப்பட்ட மாடுகள், மீட்கப் போய் விழுந்த தகப்பன், அதன் பிறகு ஆயுதத்தோடு புறப்படும் மகன். டெக்சாஸில் நடந்தால் இதற்கு வெஸ்டர்ன் என்று பெயர். வித்தியாசம் எல்லாம் அந்த எண்ணெய்க் கையில் இருக்கிறது. பாட்டில் எதிரியின் பெயரும் இல்லை, அவனைப் பழிவாங்கு என்ற சொல்லும் இல்லை. அனுப்புகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவே.

வெட்சி, கரந்தை என்று மாடு கவர்வதற்கும் மீட்பதற்கும் தனித்தனித் திணை வைத்த சமூகம் இது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் ஒன்றில், தமிழ் பிராமி எழுத்தில், ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. ஆநிரை கவர்தல் என்று பொருள். திருவண்ணாமலைப் பக்கம் செங்கத்தில் குவியல் குவியலாகக் கிடைத்த நடுகற்களை இரா. நாகசாமி தொகுத்து, தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது 1972இல். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள், கொஞ்சம் தள்ளி வேறொரு காரியத்துக்காக மறுபடி வருகிறது. நடுகல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாடு, மீட்டு விழுந்தவன் யார் என்பதெல்லாம் இருக்கும். மாடு பிடிக்க வந்த தலைவனின் பெயர்கூடச் சில கற்களில் வரும். ஆனால் குத்தியவன் காதில் வளையம் இருந்ததா, முகத்தில் தழும்பு இருந்ததா என்ற பேச்சே கிடையாது. பில்லின் மனம் கொன்றவனின் அடையாளங்களைச் சேர்த்துவைத்தது. நம் கல் செத்தவனின் அடையாளத்தைச் சேர்த்துவைக்கிறது.

மாடும் கல்லும் கல்லங்குறிச்சிக்குப் புதிதில்லை. இந்த ஊரை வெளியார் அறிவது சிப்பியால் அல்ல, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால்தான். உள்ளே போனால் வழக்கமான பெருமாள் திருமேனி இருக்காது. நெடிய கற்கம்பம் ஒன்று நிற்கும், அதன் அடியில் ஆஞ்சநேயர். மாடு வளர்த்த ஒரு குடியானவரின் சினைப்பசு காணாமல் போய், தேடிக் கண்டபோது, விழுந்து கிடந்த கம்பத்தின் மேல் பால் சொரிந்துகொண்டு நின்றது என்பது தலவரலாறு. இன்றும் ராமநவமித் திருவிழாவில் நெல், கம்பு, சோளம் மூட்டையும் கன்றுக்குட்டியும் காணிக்கையாக வந்து சேரும். இந்தக் கம்பம் ஒரு நடுகல் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. மாடு தொலைந்ததும் துப்பாக்கியைத் தேடுகிற கதைகள் உலகில் இருக்க, இங்கே மாடு தொலைந்த கதை இப்படி முடிந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழியின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களின் படுகளத்துக்குப் போக வேண்டும். பதினெட்டாம் போர். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள், அவன் உடம்பின் மேல் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிது. இரவெல்லாம் கூத்து ஆடிய பீமன் வேஷக்காரர் காலை வெயிலில், அரிதாரம் வியர்வையில் ஒழுக, அந்தத் தொடையை ஓங்கி அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த சிவப்பு பீறிடும். கூட்டம் அதற்காக மட்டும் விழித்திருக்கவில்லை. அதன் பிறகுதான் திரௌபதி கூந்தலை முடிவாள். முடிகிற வரை பாட்டிகள் எழுந்து போக மாட்டார்கள். கதாயுதம் பீமனுடையது, சபதம் அவளுடையது. கண்ணகியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவளுக்கு வேறொருவர் கையும் தேவைப்படவில்லை.

தமிழ் சினிமா குதிரை ஏறுவதற்கு வெகு முன்பே இந்த ஏற்பாட்டை உள்வாங்கிக்கொண்டது. பம்மல் சம்பந்த முதலியார் 1895இல் எழுதிய ‘மனோகரா’ நாடகம், எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதி வசனத்தில் 1954இல் படமானது. தகப்பன் மன்னன், வசந்தசேனையின் பிடியில் இருக்கிறான். தாயும் மகனும் அவமானப்படுகிறார்கள். மகன் ஒவ்வொரு தடவையும் வாளை உருவுகிறான், ஒவ்வொரு தடவையும் தாய் தடுத்துவிடுகிறாள். சிவாஜியின் கர்ஜனையைத்தான் எல்லோரும் பேசினார்கள். படத்தின் முடுக்கம் உண்மையில் தாயாக நடித்த கண்ணாம்பாவின் மௌனத்தில் இருக்கிறது. எப்போது விடுவாள், எப்போது விடுவாள் என்று கொட்டகையே காத்திருக்கும். கடைசியில் சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் மகனுக்கு அவள் வாயால் உத்தரவு வந்த பிறகுதான் சங்கிலி அறுகிறது. பலம் அவனுக்கு முதல் காட்சியிலிருந்தே இருந்தது, அனுமதி இல்லை. பதினைந்து வருஷம் துப்பாக்கி பழகிய பில் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1956இல் வந்த ‘தாய்க்குப் பின் தாரம்’. சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் தொடங்கிய தேவர் பிலிம்ஸின் முதல் படம், அவர் தம்பி எம்.ஏ. திருமுகம் இயக்கியது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. உறவுக்குள் பகை. எதிர்த்தரப்பு வீட்டுக் காளையை அடக்கப் போன தகப்பன் குத்துப்பட்டுச் சாகிறார். மகன் வளர்ந்து பழி தீர்க்க வேண்டும். யார் மேல்? காளை மேல். துப்பாக்கி வீரன் ஒருவன் வாசலில் வந்து நின்று எதிராளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அதே இடத்தில், இங்கே வாடிவாசல் திறக்கிறது. காளையைக் கொன்றால் பழி தீராது, அடக்கினால்தான் தீரும். முல்லைக்கலி இந்த விளையாட்டுக்கு வைத்த பெயர் ஏறுதழுவுதல். தகப்பனைக் கொன்றதைத் தழுவிக் கீழே கொண்டுவருவதுதான் பழிவாங்கல் என்று ஒரு கதை சொல்கிறது. இதைவிட நம் மண்ணுக்குரிய கௌபாய்ப் படம் வேறு வந்ததாக நான் நினைக்கவில்லை, அதில் ஒருவர் தலையிலும் தொப்பி கிடையாது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களில் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைப்பில் தாய் முதலில் வருவதையும் விளக்க வேண்டியதில்லை.

எம்.ஜி.ஆர். பாலைவனத்துக்கே போனது 1969இல், ‘அடிமைப்பெண்’ணுக்காக. ராஜஸ்தான் மணலில் எடுத்தார்கள், ஒட்டகமும் உண்டு. செங்கோடனாக வரும் அசோகன் தந்தையைக் கொன்று, மகனை நிமிர முடியாத இருட்டறையில் அடைத்து வளர்க்கிறான். வெளியே வருகிறவன் கூனிக்கிடக்கிறான், பேசத் தெரியாது, தாய் என்றால் என்னவென்றும் தெரியாது. ஜெயலலிதா அவனை நிமிர்த்துகிறார். விலங்கோடு காத்திருக்கும் தாயாகப் பண்டரிபாய். ஒற்றைக்கால் எதிரியோடு, தானும் ஒரு காலைக் கட்டிக்கொண்டு, ஈட்டிகளின் மேல் விரித்த வலையில் தகப்பன் போடும் சண்டை இன்றும் பார்க்கத் தக்கது. துப்பாக்கிச் சண்டையின் நேர்மை எல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் உறையில் கை வைப்பதில் இருக்கிறது. இங்கே அதே நேர்மை காலைக் கட்டிக்கொள்வதாக வருகிறது.

அதற்கு மறு ஆண்டு குதிரை, தொப்பி, துப்பாக்கி மூன்றும் வந்துவிட்டன. கொண்டுவந்தவர் எம். கர்ணன். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ போன்ற குடும்பப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர். கண்ணீர்க் காட்சிகளுக்கு வெளிச்சம் வைத்துச் சலித்துப்போனாரோ என்னவோ, இயக்குநரானதும் வீட்டுக் கூடத்தை விட்டுப் பாறைக்கும் அருவிக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். 1970இல் ‘காலம் வெல்லும்’. 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’. 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. ஜெய்சங்கர்தான் அவர் குதிரைவீரன். செங்கம் நடுகல் புத்தகம் வெளியான அதே 1972இல் இரண்டு தமிழ்க் கௌபாய்ப் படங்கள். அந்த நூலைப் பார்த்தவர்கள் இந்தப் படங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள், இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு நூல் வந்ததே தெரிந்திருக்காது.

இந்தியாவின் முதல் கௌபாய்ப் படம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1971இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிக் கிருஷ்ணா நடித்த தெலுங்குப் படமான ‘மோசகாள்ளகு மோசகாடு’. ‘காலம் வெல்லும்’ அதற்கு முந்தியது. இந்த முதலாவது, இரண்டாவது சண்டையில் எனக்கு அக்கறையில்லை. தாஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறொன்று: 1970லேயே அவர் ‘ரவுடி ராணி’யில் விஜயலலிதாவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். ராக்குவெல் வெல்ச் பழிவாங்கும் துப்பாக்கிக்காரியாக ‘ஹனி கால்டர்’ படத்தில் வந்தது 1971இல். தென்னிந்தியாவில் இந்த விஷயத்தில் யாரும் தயங்கவில்லை. படுகளம் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்குப் பெண் பழி தீர்ப்பது அதிர்ச்சியாகவா இருக்கும்?

தாய் இல்லாமல் நம் பழிக்கதை நகராததற்குப் பண்பாடு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு டிக்கெட்டில் இருக்கிறது. அந்தக் காலக் கீற்றுக் கொட்டகைக்குள் மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஒரே ஒரு புரொஜெக்டர், ஆகவே ரீல் மாற்ற மூன்று நான்கு தடவை விளக்குப் போடுவார்கள், முறுக்கும் சோடாவும் வரும். தரையில் குறுக்கே ஒரு தட்டி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்களும் கைக்குழந்தைகளும். சண்டைக்கு விசில் இந்தப் பக்கம். ஆனால் படம் இரண்டாம் வாரம் ஓடுமா என்பதை முடிவு செய்வது தட்டிக்கு அந்தப் பக்கம். ஆண்கள் மட்டும் பார்க்கும் படத்தை வைத்துக்கொண்டு கொட்டகைக்காரர் வட்டி கட்ட முடியாது. எனவே குதிரைகள் ஓடி முடித்ததும் எங்காவது ஒரு குடிசை வாசலில் வெள்ளைச் சேலையில் ஒருத்தி நிற்க வேண்டும். விலகிப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவள் இல்லாவிட்டால் துப்பாக்கி வெடிப்பது தீபாவளி மாதிரிதான்.

முடிவிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெஸ்டர்ன் மகன் கடைசி ஆளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறான். மேக்ஸ் சாண்ட் மூன்றாமவனின் காலில் சுட்டுவிட்டு, கொல்லாமல் போய்விடுகிறான். பில், ரயனின் முதுகுக்குக் குறி வைக்கிறான். விழுவது ரயனுக்குப் பின்னால் மறைந்திருந்த வேறொருவன். அவர்களால் விட முடிகிறது, ஏனென்றால் பழி அவர்கள் சொந்தச் சரக்கு. வேண்டாம் என்றால் கீழே போட்டுவிடலாம். நம் படங்களில் மகன் அப்படிப் போட முடியாது, அது அவனுடையதில்லையே. அதனால்தான் கடைசி நிமிஷத்தில் போலீஸ் ஜீப் வர வேண்டியிருந்தது. ‘ஷோலே’யில் பழி மகனுடையதுகூட இல்லை, மகன்களைப் பறிகொடுத்த தகப்பனுடையது. அதில் தாகூர் கப்பரைக் கொன்று முடிப்பதாக எடுத்த முடிவை 1975இன் நெருக்கடிக் காலத் தணிக்கை மாற்ற வைத்ததும், போலீஸ் வந்து தடுத்ததும் தெரிந்த கதை. தாய் விட மாட்டாள், மகனால் விட முடியாது, அரசாங்கம்தான் வந்து கையைப் பிடிக்க வேண்டும்.

பிறகு எல்லாம் கிண்டலாகிவிட்டது. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது தன் கற்பனைக் கௌபாய் ஊருக்கு ‘ஜெய்சங்கர்புரம்’ என்று பெயர் வைத்தார். கேலிப்படத்துக்குள் இருந்த மரியாதை அந்தப் பெயரில் தெரியும். 2023இல் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ 1975இல் நடக்கிறது, அதன் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கும்பிடுகிறவன். இரண்டிலும் ராகவா லாரன்ஸ். எனக்கு இரண்டும் பிடித்தன. அப்பாயிக்குச் சொல்ல முடியவில்லை, அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பின்கதை உண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தாத்தாவை ஒரு வரப்புத் தகராறில் அடித்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனார். பெரியப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. கருமாதி முடிந்த ராத்திரி பரணிலிருந்து அரிவாளை இறக்கியிருக்கிறார். அப்பாயி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாராம், எழவே இல்லையாம். தாண்டிப் போக வேண்டுமென்றால் தாயைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிந்ததும் அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் இருந்த பணத்தைக் கொடுத்து மகனைத் திருச்சிக்கு ரயில் ஏற்றிவிட்டார். அந்த வருஷ ராமநவமிக்கு ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு கல்லங்குறிச்சிக்கு நடந்தே போய்க் கோயிலில் விட்டுவிட்டு வந்தார்.

அடித்தவர்கள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அந்த அரிவாளை எனக்கு நன்றாகத் தெரியும். பிடியில் துணி சுற்றியிருக்கும். சாகிற வரை அப்பாயி அதில்தான் ஆட்டுக்குத் தழை கழித்தார்.